அது ஓட்டல் இல்லை சாமி, வீடு

ஜூன் மாதம் பிறந்தால் போதும், குர்காவில் பொட்டி தட்டும் நம் கூட்டத்துக்கு லடாக் ஜுரம் வந்துவிடும். டெல்லியில் வெயில் நாற்பத்தைந்து டிகிரியைத் தொடும்போது, ஒன்றேகால் மணி நேர விமானப் பயணத்தில் ஸ்வெட்டர் போடுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? போகட்டும். நன்றாகப் போகட்டும். நானே மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் லே ஊரில் ஒரே வீட்டில்தான் தங்கினேன்.

என் வயிற்றெரிச்சல் எல்லாம், போய்விட்டுத் திரும்பி வந்து இவர்கள் எழுதுகிற விமர்சனங்களைப் பற்றியது. "ஷவரில் தண்ணீர் வரவில்லை, பக்கெட்டில் வெந்நீர் கொடுத்தார்கள், ஒரு ஸ்டார்." "ரூம் சர்வீஸ் கிடையாது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சமையல்கட்டை மூடிவிடுகிறார்கள், ஒரு ஸ்டார்." "டாய்லெட் என்று ஒரு ஓட்டையைக் காட்டுகிறார்கள், மைனஸ் ஸ்டார் இருந்தால் கொடுத்திருப்பேன்." போன மாதம் மதியச் சாப்பாட்டு மேஜையில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "வச்சேன் பாருங்க பாஸ் ஒரு ஆப்பு, இனி அவனுக்கு ஒரு பய புக் பண்ண மாட்டான்." கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே பேசினால் சண்டையாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். இங்கே பேச எனக்கு யார் தடை?

விஷயம் இதுதான். குடும்பம் நடத்துகிற கெஸ்ட் ஹவுஸ் என்பது சின்ன சைஸ் ஓட்டல் இல்லை. அது ஒரு வீடு. அதில் நாலு அறையை நமக்கு விட்டிருக்கிறார்கள். வீட்டை ஓட்டல் தராசில் நிறுத்தி மதிப்பெண் போட ஆரம்பித்தால், வீடு ஓட்டலாக மாறியாக வேண்டும், இல்லை இழுத்து மூட வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அந்த ஊருக்கு நஷ்டம், கடைசியில் நமக்கும் நஷ்டம். இதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன். பொறுமை இருப்பவர்கள் தொடரவும்.

முதலில் கொஞ்சம் பழங்கதை

லே நேற்று முளைத்த சுற்றுலாத் தலம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் என்ற அரசர் எழுப்பிய ஒன்பது மாடி அரண்மனை இன்றைக்கும் மலைமேல் நிற்கிறது. அதன் காலடியில் மண் செங்கல்லும் மரமும் கொண்டு கட்டிய பழைய ஊர். பௌத்தக் கோம்பாவும் ஜாமா மசூதியும் கூப்பிடு தூரத்தில். காரக்கோரம் கணவாயைத் தாண்டி யார்கண்டிலிருந்து வணிகர்கள் குதிரையும் ஒட்டகமுமாக இங்கே வந்து இறங்குவார்கள். காஷ்மீரிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் திபெத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பட்டு, கம்பளம், பஷ்மினா, தேயிலை, மசாலா எல்லாம் கைமாறும். களைத்துப்போன மிருகங்களைத் தேற்றிக்கொண்டு புறப்பட வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தங்க இடம், தீவனம், சாப்பாடு எல்லாம் இந்த ஊர் கொடுத்தது. ஆக, வந்தவனைத் தங்க வைத்துப் பிழைப்பது இவர்களுக்குப் புதுசு இல்லை.

1940களின் கடைசியில் சின்ஜியாங் பக்க எல்லை அடைபட்டு அந்த வணிகம் செத்தது. 1962-ல் சீனாவோடு போர். பிறகு 1974-ல்தான் லடாக்கை வெளியாட்களின் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டார்கள். அப்போது அங்கே வந்து இறங்கிக் காசு கொட்டிய பெரிய கம்பெனி எதுவும் கிடையாது. வீட்டில் காலியாக இருந்த அறையைப் பெருக்கி, மெத்தை போட்டு, வந்தவனை உட்கார வைத்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான். சாங்ஸ்பா பக்கம் நீங்கள் இன்று பார்க்கிற கெஸ்ட் ஹவுஸ்களில் பல அப்படித் தொடங்கியவைதான். முன்னால் பார்லி வயல், பின்னால் காய்கறித் தோட்டம், நடுவில் வீடு.

2009-ல் '3 இடியட்ஸ்' வந்து பாங்காங் ஏரியைக் காட்டியது. அதுவரை வெள்ளைக்காரர்கள் அதிகம் வந்த ஊருக்கு நாம் கிளம்பிவிட்டோம். 2011 கணக்கெடுப்பில் லடாக் முழுவதற்கும் மக்கள்தொகை 2,74,289. 2022-ல் அங்கே வந்த சுற்றுலாப் பயணிகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதாவது வீட்டில் இருப்பவர்களைப் போல இரண்டு மடங்கு விருந்தாளி. அதுவும் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை, ஐந்தே மாதத்தில். உங்கள் வீட்டில் நாலு பேர் என்றால், எட்டுப் பேர் வந்து இறங்கி ஆளுக்கொரு ஷவர் கேட்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

சரி, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

குற்றச்சாட்டு ஒன்று: தண்ணீர் தருவதில்லை

லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். உயரம் என்றதும் ஊட்டி மாதிரிச் சாரலும் பச்சையும் என்று நினைத்துக்கொள்கிறோம். லே ஒரு பாலைவனம் ஐயா. வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அதை வைத்துக்கொண்டே நாம் அடித்த கூத்து தெரியும்தானே? 2019 ஜூனில் சென்னையில் ஏரிகள் வற்றி, ஐடி கம்பெனிகள் 'ஆபீசில் தண்ணி இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்று சொன்னதும், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததும் மறந்துவிட்டதா? குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய அதே நாம்தான், லேயில் போய் இருபத்திநாலு மணி நேர வெந்நீர் ஷவர் கேட்கிறோம்.

அந்த ஊர் பிழைப்பது பனி உருகி வருகிற ஓடையில். வயலுக்கு எந்த வீட்டுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துத் திறந்துவிட 'சுர்போன்' என்று ஒருவரை ஊரே நியமிக்கும். நம் ஊர் நீர்க்கட்டி, மடையன் மாதிரி. வசந்தத்தில் விதைக்கிற நேரத்தில் மேலே பனி உருகியிருக்காது என்பதால், செவாங் நார்பெல் என்ற எஞ்சினியர் குளிர்கால ஓடை நீரைத் தேக்கி உறைய வைத்துச் செயற்கைப் பனிப்பாறை செய்தார். 2015-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விதைப்புத் தண்ணீருக்குப் பனிக்கட்டியைச் சேமித்து வைக்கிற ஊர் அது. அங்கே குளிக்க ஒரு பக்கெட் வெந்நீர் கொடுப்பது கஞ்சத்தனம் இல்லை, தாராளம்.

நான் தங்கும் வீட்டில் காலையில் வெயில் ஏறிய பிறகுதான் வெந்நீர். ஒருவருக்கு ஒரு பக்கெட். எனக்குப் போதும். என் மனைவிக்குப் போதும். என் பையனுக்கு மிச்சமே இருந்தது. குளிராத நாளில் கை கால் முகம் கழுவிக்கொண்டு போனோம். யாரும் செத்துவிடவில்லை. அந்தக் காற்றில் வியர்ப்பதே இல்லை என்பது வேறு விஷயம் :-)

குற்றச்சாட்டு இரண்டு: அந்த ஓட்டை

இதுதான் நம் ஆட்களை ரொம்பவும் கலங்கடிக்கிறது. லடாக்கின் பழைய வீடுகளில் கக்கூஸ் மாடியில் இருக்கும். தரையில் ஒரு துவாரம், மூலையில் மண்ணும் சாம்பலும் குவித்து ஒரு மண்வெட்டி. போனவர் நாலு மண்வெட்டி மண்ணைத் தள்ளிவிட்டு வர வேண்டும். கீழே அது மட்கி எருவாகிறது. விதைப்புக்கு முன் அள்ளி வயலில் போடுவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை. குளிர்காலத்தில் மைனஸ் இருபதில் குழாய் உறைந்து வெடிக்கும் கவலை இல்லை. சாக்கடை இல்லை. காய்ந்த காற்றில் நாற்றமும் அவ்வளவாக இல்லை.

இதைவிட அந்த ஊருக்குப் பொருத்தமான ஒன்றை ஒரு பொறியாளர் மாநாடு கூட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நமக்குப் பிளஷ் வேண்டும். பிளஷ் வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்குப் போர் போட வேண்டும். கழிவு போக வழி? முறையான பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி. அந்தக் குழியிலிருந்து இறங்குவது அதே நிலத்தடி நீருக்கு. மேலே உறிஞ்சுவதும் நாம், கீழே கலப்பதும் நாம். அப்புறம் 'லேயில் தண்ணி சரியில்ல பாஸ், வயித்தக் கலக்கிடுச்சு' என்று வந்து சொல்வதும் நாம்.

முதியவர்களுக்கு, முட்டி வலிக்காரர்களுக்கு மேற்கத்திய வகை வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பல வீடுகளில் இரண்டும் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் முப்பது வயதில் மாரத்தான் ஓடுகிறவன், மலையேறப் போகிறேன் என்று மூவாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கினவன், உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதில்தான்.

குற்றச்சாட்டு மூன்று: சாப்பாடு

"பட்டர் டீ குடிச்சியா? உப்பு போட்டிருக்கான்யா!" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆமாம், உப்புதான். வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைந்த டீ. காய்ந்த குளிரில் அது உடம்புக்குச் செய்கிற வேலையை நம் பில்டர் காபி செய்யாது. (சொல்லும்போதே நாக்கு அழுகிறது, என்ன செய்ய.) காலையில் கம்பீர் ரொட்டி, வீட்டு ஆப்ரிகாட் ஜாம். ராத்திரி துக்பா, அல்லது ஸ்க்யூ என்று கோதுமை மாவைக் கிள்ளிப்போட்டுக் காய்கறியோடு வேக வைக்கும் ஒன்று. தோட்டத்தில் பறித்த கீரை. முதல் நாள் எனக்கும் மிளகாய் இல்லாதது குறையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.

பன்னீர் பட்டர் மசாலா எங்கே என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பன்னீர் ஸ்ரீநகரிலிருந்தோ மணாலியிலிருந்தோ நானூறு கிலோமீட்டருக்கு மேல், கணவாய்களைத் தாண்டி லாரியில் வர வேண்டும். அல்லது உங்களோடு விமானத்தில். தோட்டத்துக் கீரை பத்தடி நடந்தால் போதும். எது ராஜ சாப்பாடு என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அப்புறம் சமையலறை. அதை 'சான்சா' என்கிறார்கள். நடுவில் அடுப்பு, சுவர் முழுக்கப் பளபளவென்று செம்பும் பித்தளையும் அடுக்கிய அலமாரி. குளிர்காலத்தில் குடும்பம் மொத்தமும் வாழ்கிற இடம் அது. அங்கே உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறார்கள் என்றால் நம்மை வீட்டுக்குள் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை 'டைனிங் ஹால் வசதி இல்லை' என்று எழுதுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

குற்றச்சாட்டு நான்கு: கொள்ளை அடிக்கிறார்கள்

இரண்டு பேருக்கு, காலைச் சாப்பாட்டோடு, நான் கடைசியாகக் கொடுத்தது ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். சைபர் சிட்டியில் வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு பேர் உட்கார்ந்து எழுந்தால் இதைவிட அதிகம் ஆகிறது. அங்கே யாரும் பில்லைப் பார்த்துப் பேரம் பேசுவதில்லை, மேலே டிப்ஸ் வேறு. ஆனால் லேயில் ஒரு அம்மாவிடம் நின்றுகொண்டு, "ஆயிரம் ரூபாய்க்குத் தருவியா, இல்லேன்னா பக்கத்து வீட்டுக்குப் போறேன்" என்று பேசுவோம். அதைச் சாமர்த்தியம் என்று வேறு சொல்லிக்கொள்வோம்.

அந்தக் காசு அவர்களுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு. அக்டோபரில் கூட்டம் கலைந்துவிடும். ஐந்து மாத வாடகையில் ஏழு மாதக் குளிரைத் தாண்ட வேண்டும். விறகு, அரிசி, பிள்ளைகள் ஜம்முவிலோ சண்டிகரிலோ டெல்லியிலோ படிக்கிற ஹாஸ்டல் பீஸ் எல்லாம் அதில்தான். நடுவில் ஏதாவது ஒரு வருஷம் கவிழ்ந்தால் போச்சு. 2010 ஆகஸ்ட் 5 ராத்திரி மேகம் வெடித்து வெள்ளமும் சேறும் வந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2020-ல் கொரோனாவும் கல்வான் மோதலும் சேர்ந்து வந்தன. நமக்கு அந்த வருஷம் டூர் கேன்சல், அவ்வளவுதான். அவர்களுக்கு வருமானமே கேன்சல்.

குற்றச்சாட்டு ஐந்து: சர்வீஸ் இல்லை

சர்வீஸ் என்றால் என்ன என்று முதலில் பேசுவோம். விமானத்தில் போய் இறங்கினால் உடம்புக்குத் திடீரென்று 3,500 மீட்டர். முதல் இரண்டு நாள் அசையாமல் கிடக்க வேண்டும் என்று டாக்டர்களும் அரசும் தலையால் அடித்துக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் கேட்பார்களா? நாலு நாள் லீவில் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். மறுநாளே 5,359 மீட்டர் கர்துங் லாவுக்குக் கிளம்பிவிடுவார்கள், அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க.

நான் முதல் முறை போனபோது மதியமே தலை கழன்றுவிடும் போல வலித்தது. வீட்டுக்கார அம்மா ஒரு பிளாஸ்க் வெந்நீரும் பூண்டு சூப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னைக்கு வாசலைத் தாண்டக் கூடாது" என்று இந்தியில் சொன்னார். ராத்திரி இரண்டு முறை கதவைத் தட்டி "மூச்சு சரியா இருக்கா?" என்று கேட்டார். காலையில் டாக்ஸிக்காரர் போன் செய்தபோது என் பேச்சைக் கேட்காமலே "இவர் இன்னைக்கு வரமாட்டார்" என்று வைத்துவிட்டார். இதற்கு எந்த ஆப்பில் எத்தனை ஸ்டார்? நம் அம்மா செய்வது இது. கூப்பிட்டால் டை கட்டிய பையன் ஓடி வரவில்லை என்று அழுகிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

சந்தடி சாக்கில் ஒன்று. லடாக்கில் மரியாதைக்குப் பெயரோடு 'லே' சேர்ப்பார்கள், நாம் 'ங்க' சேர்ப்பது மாதிரி. அம்மா 'ஆமா-லே', பாட்டி 'அபி-லே', தாத்தா 'மேமே-லே'. திருநெல்வேலிக்காரனான எனக்கு 'ஆமாலே' என்று ஒரு பெரியம்மாவைக் கூப்பிட இரண்டு நாள் ஆனது. எங்க ஊரில் அப்படிக் கூப்பிட்டால் செவிட்டில் ஒன்று விழும்! ஆனால் கூப்பிட்ட பிறகு அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நம்மில் எத்தனை பேர் தங்குகிற வீட்டம்மாவை என்னவென்று கூப்பிட வேண்டும் என்றாவது கேட்கிறோம்? "ஹலோ, எக்ஸ்க்யூஸ் மீ, பையா, வைஃபை பாஸ்வேர்ட்." முடிந்தது உறவு.

இதில் உண்மையில் போவது என்ன

இப்போது எதிர்க்கட்சி வாதம். "அவர்கள் மட்டும் யோக்கியமா? வயலை அழித்துக் கான்கிரீட் கட்டியது யார்? போர் போட்டது யார்? 'ஹோம்ஸ்டே' என்று போர்டு மாட்டிவிட்டு, இருபது அறைகளை வெளியூர்க்காரனுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு டெல்லியில் இருப்பது யார்?"

நியாயமான கேள்வி. எல்லாம் நடக்கிறதுதான். பெயருக்குக் குடும்பம், உள்ளே லாட்ஜ் என்று நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக இந்தப் பதிவு இல்லை. போர் எத்தனை, எவ்வளவு ஆழம், எவ்வளவு எடுக்கிறார்கள் என்று எண்ணி, அளந்து, கட்டணம் போட வேண்டியது அரசும் மலைக் கவுன்சிலும். அதைச் செய்யாமல் 'வாங்க வாங்க' என்று விளம்பரம் மட்டும் கொடுப்பதைக் கண்டிக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பார்லி வயலில் மூன்றாவது மாடி ஏன் எழும்பியது? பக்கெட் வெந்நீர் கொடுத்த வீட்டுக்கு ஒரு ஸ்டார், போர் போட்டு ஷவர் வைத்த வீட்டுக்கு ஐந்து ஸ்டார். மண்வெட்டிக் கக்கூஸ் வைத்திருந்த வீட்டுக்கு ஒரு ஸ்டார், பிளஷ் வைத்த வீட்டுக்கு ஐந்து. நாலு வருஷம் இப்படி மதிப்பெண் விழுந்தால் எந்தக் குடும்பமும் கடன் வாங்கி இடித்துக் கட்டத்தான் செய்யும். நாம்தான் பாடம் நடத்தினோம். அவர்கள் நன்றாகப் படித்துப் பாஸாகிவிட்டார்கள்.

கடன் வாங்க முடியாத வீடு என்ன ஆகும்? குத்தகைக்குப் போகும். முதலில் அறை, அப்புறம் தோட்டம், அப்புறம் மொத்த மனை. தண்ணீர் எவ்வளவு எடுக்கலாம் என்று யோசிக்கிறவர், நாளைக்கும் அதே ஓடைத் தண்ணீரைக் குடிக்கப் போகிறவராக இருக்க வேண்டும். குத்தகைக்காரருக்கு அந்தக் கவலை எதற்கு? மூன்று சீசன், போட்ட காசை எடுத்தாயிற்று, அடுத்த மலை.

இது கற்பனைப் பயம் இல்லை. 2019 ஆகஸ்டில் 370ஆம் பிரிவு போனது, அக்டோபர் 31-ல் லடாக் சட்டசபை இல்லாத யூனியன் பிரதேசமானது. முதலில் லேயில் கொண்டாடினார்கள். பிறகுதான் 'நம் நிலத்துக்கு இனி என்ன காவல்?' என்ற கேள்வி வந்தது. மாநில அந்தஸ்து, ஆறாவது அட்டவணை என்று வருஷக்கணக்கில் உண்ணாவிரதமும் நடைப்பயணமும் நடந்தன. 2025 செப்டம்பர் 24-ல் லேயில் போராட்டம் வன்முறையாகி, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள். நாம் செல்பி எடுத்த அதே தெருக்களில்தான் ஊரடங்கு. யார் சரி, யார் தப்பு என்ற அரசியலுக்குள் நான் இங்கே போகவில்லை. நிலமும் தண்ணீரும் வேலையும் யார் கையில் என்பதுதான் அங்கே அடிப்படைக் கேள்வி என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு அறையை எங்கே புக் பண்ணுகிறோம், வந்து என்ன எழுதுகிறோம் என்பதில் அந்தக் கேள்விக்கு நாமும் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வருகிறோம், தெரிந்தோ தெரியாமலோ.

அரண்மனைக்குக் கீழே அந்தப் பழைய ஊரில் போய் நடந்து பாருங்கள். மண் வீடுகளில் பல, சொந்தக்காரர்கள் வெளியே குடிபோனதால் வாடகைக்காரர்கள் கையிலோ பூட்டியோ கிடக்கின்றன. மழை கூடியதில் மண் கூரை ஒழுகுகிறது. 2008-லேயே உலக நினைவுச் சின்ன நிதியம் தன் ஆபத்துப் பட்டியலில் பழைய லேயைச் சேர்த்தது. அந்த வீடுகளில் சிலவற்றைப் பழைய முறையிலேயே செப்பனிட்டும் இருக்கிறார்கள். வீட்டில் ஆள் இருந்தால் கூரையில் மண் பூசுவார்கள். ஆள் இருக்க வருமானம் வேண்டும். வருமானத்துக்கு நாலு விருந்தாளி வேண்டும், மண் கூரை வீட்டை மண் கூரை வீடாகவே ஏற்றுக்கொள்கிற விருந்தாளி.

அப்ப என்னதான் செய்யச் சொல்கிறாய்?

ரொம்பச் சுலபம். ஷவர், ரூம் சர்வீஸ், லிப்ட் எல்லாம் வேண்டுமா? அதற்கென்று ஓட்டல்கள் இருக்கின்றன, காசைக் கொடுத்துத் தங்குங்கள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஓட்டல் வேண்டும், ஆனால் வீட்டு விலைக்கு வேண்டும், அதோடு 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்' போட்டோவும் வேண்டும் என்பதுதான் அயோக்கியத்தனம்.

வீட்டில் தங்குவதென்றால் வீட்டு விருந்தாளியாக இருங்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். பூஜை அறைக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், மாலை உருட்டிக்கொண்டிருக்கும் அபி-லே முகத்தில் கேமராவை நீட்டாதீர்கள். சொன்ன விலையைக் கொடுங்கள். குறை இருந்தால் அந்த அம்மாவிடம் நேரில் சொல்லுங்கள். நிஜமாகவே அழுக்குப் படுக்கை, பொய்யான கணக்கு, மரியாதைக் கெட்ட பேச்சு என்றால் தாராளமாக எழுதுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் பாலைவனத்தில் தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கிறார்கள் என்பதற்காக ஸ்டாரைப் பிடுங்காதீர்கள்.

'ஆப்பு வச்சேன்' என்று பெருமைப்பட்ட நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். அந்த விமர்சனத்தை அழிக்க இரண்டு நிமிஷம்தான் ஆகும் சார். எப்படி அழிப்பது என்று தெரியாவிட்டால் என் சீட்டுக்கு வாங்க, நானே காட்டித் தருகிறேன்.

பி.கு. 1: "இவனுக்கு அந்தக் கெஸ்ட் ஹவுஸில் பங்கு இருக்கிறது" என்று பின்னூட்டம் போடப் போகிறவர்களுக்கு: ஆமாம், தோட்டத்து முள்ளங்கியில்.

பி.கு. 2: இந்த சீசனில் கிளம்புகிறவர்கள் காலி பாட்டில் ஒன்று எடுத்துப் போங்கள். கேட்டால் காய்ச்சிய தண்ணீர் நிரப்பித் தருவார்கள். முதல் இரண்டு நாள் வெறுமனே படுத்துக் கிடங்கள், கர்துங் லா எங்கேயும் ஓடிப்போகாது. வந்ததும் 'ஜூலே' சொல்லுங்கள், போகும்போதும் அதேதான், நன்றிக்கும் அதேதான். ஒரு வார்த்தைதான், மனப்பாடம் செய்ய கஷ்டம் இல்லை.